மாகோவில் இறங்குங்கள்

(மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையிலுள்ள பெரியவர்களுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தில் கொழும்புக் கோச்சியில் ஏறாதவர் யாராவது இருக்கிறீர்களா? ஒரு கையும் எழும்பவில்லை. சரி, மாகோ ஸ்டேஷனில் இறங்கியவர்? பின்வரிசையில் ஒருவர். அவரும் அநுராதபுரத்துக்குக் கோச்சி மாறத்தான் இறங்கினாராம்.

நம்முடைய தண்டவாளம் வடக்குப் பாதையோடு சேரும் சந்தி அது. கோச்சி நிற்கும், வடைக்காரர் ஏறுவார், ஒரு வடையைக் கடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தேன். அங்கிருந்து நாலைந்து கிலோமீற்றரில் 13ஆம் நூற்றாண்டுச் சிங்கள அரசின் தலைநகர் ஒன்று மலையும் மதிலுமாக நிற்கிறது. யாப்பகுவ. சீகிரியாவுக்குப் போகும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே திரும்புவதில்லை.

அந்த மலையை நான் ஏன் உங்களிடம் கொண்டுவருகிறேன்? அதன் கதை மாகோனிடம் தொடங்குகிறது. மாகோனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் ஊர்க் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த முறை என்று வகுத்தவன், வன்னிமை என்ற சிற்றாட்சிகளை ஒழுங்குபடுத்தியவன் என்றுதான் நம் முன்னோர் அவனைச் சொல்லி வந்தார்கள். அதே கலிங்க மாகன் 1215இல் பொலன்னறுவையைப் பிடித்தபோது நடந்ததைச் சூளவம்சம் என்ற பாளிச் சரித்திர நூல் வேறு விதமாக எழுதுகிறது. அதில் அவன் விகாரைகளை இடித்த கொடியவன். அவன் படைக்கு எட்டாத இடம் தேடி, சுபன் என்ற தளபதி ஏறி அரண் கட்டிய மலைதான் யாப்பகுவ. அதனால்தான் பழைய பெயர் சுபகிரி. (அப்படி அரண் கட்டிய இன்னொரு மலை நமக்கு இன்னும் கிட்ட, சியம்பலாண்டுவைப் பக்கம் இருக்கிற கோவிந்தகல. அதை இன்னொரு நாள் பேசலாம்.) ஒரே மனிதனை இங்கே கோயில் முறையில் நினைக்கிறோம், அங்கே அவனுக்குப் பயந்து எழுப்பிய மதிலைப் பார்க்கிறோம். அந்த மதிலடியில் நின்றபோது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் கதையின் மற்றப் பாதியை யாரோ எனக்காக அங்கே வைத்திருந்தது போல இருந்தது.

மறுகா, படிக்கட்டு. தூரத்தில் அழகு, கிட்டப் போனால் செங்குத்து. கீழ்ப்படிகளில் மூச்சு வாங்கும். மேல் அடுக்கில் களைப்பே மறந்துபோகும். இரண்டு பக்கமும் கல்லில் சிங்கங்கள். பழைய 10 ரூபாய் நோட்டில் பார்த்த சிங்கம் இதுதான். அடிப்பாகத்தில் ஆடுபவர்களும் மேளம் அடிப்பவர்களும் வரிசையாக. வாசலுக்கு மேலே கஜலட்சுமி. தென்னிந்தியக் கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தூணும் வாசலும் புதிதாக இருக்காது. பாண்டிநாட்டுச் சிற்ப மரபின் சாயல் அப்படியே தெரிகிறது. துளையிட்ட கல் யன்னல் ஒன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இதையெல்லாம் ஆண்ட அரசன் முதலாம் புவனேகபாகு, 1272 முதல் 1284 வரை. பன்னிரண்டே வருடம். ஆனாலும் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த அரசன் என்று நினைத்துவிடாதீர்கள். 1283இல் அவனுடைய தூதர்கள் எகிப்துக்குப் போய், கெய்ரோவில் சுல்தான் கலாவூனிடம் நேரடி வியாபாரம் பேசினார்கள். முத்து, மாணிக்கம், கறுவா, யானை எல்லாம் தரலாம் என்றார்கள். 1911இல் இங்கே மண்ணைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனச் செப்புக்காசுகள் கிடைத்தன.

அவன் இறந்த பிறகு பஞ்சம் வந்தது. பாண்டியன் குலசேகரன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதி கோட்டையை வென்று, புத்தரின் புனிதப் பல்லைப் பாண்டிநாட்டுக்கு எடுத்துப்போனான். பிறகு வந்த சிங்கள அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியனிடம் போய், கேட்டு வாங்கிவந்தான். சண்டை போட்டு அல்ல, பேசி. இந்த ஒரு வரியை நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் படிக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

அதற்குப் பிறகு அரசு அங்கிருந்து பெயர்ந்தது. படிக்கட்டுக்கு மேலே ஒரு பாதை உச்சிக்குப் போகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 90 மீற்றர் உயரம். உச்சியில் ஒரு தாதுகோபத்தின் செங்கல் மிச்சமும் காற்றும்தான். கீழே பார்த்தால் அகழியும் மதிலும் மலையைச் சுற்றி வளைந்து போவது தெளிவாகத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பகல் கோச்சியில் போனால் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், அந்நேரம் கல்லில் கால் வைக்க முடியாது. குருநாகலில் ஓர் இரவு தங்கி, விடியவே மாகோவுக்கு வந்து ஆட்டோ பிடியுங்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். முழங்கால் நோகிற அம்மம்மாமார் அடிவாரத்து அருங்காட்சியகத்திலும் குகை விகாரையிலும் இருக்கலாம், அங்கேயும் பார்க்க நிறைய இருக்கிறது. திரும்பி மாகோவுக்கு வந்தால் மட்டக்களப்புக் கோச்சி அங்கேதான் நிற்கும். இந்த முறை வடையைக் கடித்துக்கொண்டு நித்திரை கொள்ளலாம்.