நெய்தல் கரையில் ஒரு கோடு

(இராமநாதபுரத்தில் ஓவிய மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1967ஆம் ஆண்டு, ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த ரிச்சர்ட் லாங் லண்டனிலிருந்து ரயில் ஏறி, நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளிக்குப் போனார். நேராக நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார். மிதிபட்ட புல் வெயிலில் ஒரு கோடாகத் தெரியத் தொடங்கியதும் படம் எடுத்துக்கொண்டார். நடந்து உண்டாக்கிய கோடு என்று பெயரிட்டார். புல் நிமிர்ந்ததும் கோடு போய்விட்டது. புகைப்படமும் பெயரும் மிஞ்சின.

இது கலையா என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கருத்தே படைப்பு என்றார்கள் கருத்துக்கலைஞர்கள். கோடு, கட்டம், கல் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள் மினிமலிஸ்டுகள். இரண்டையும் மேனாட்டுப் புதுமை என்று நாம் ஒதுக்குவதுதான் எனக்கு வியப்பு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த மொழி நம்முடையது. நெய்தல் பாடும் புலவர் தலைவியின் துயரத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாயும் பொழுது, உப்பங்கழி, தாழை, ஒற்றை நாரை. இவற்றைச் சொன்னால் போதும், இரங்கல் வந்துவிடும். சொல்லைக் குறைத்து நிலத்தைப் பேசவிடும் வழி நமக்குப் பழகியது.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைப் பார்த்திருப்பீர்கள். அது வழிபாட்டிடம். அதைக் கலைப்படைப்பு என்று பெயர் மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஓவியம் படிக்கும் நீங்கள் அங்கே ஒரு பகல் முழுவதும் உட்கார வேண்டும். செதுக்கு வேலை எதுவும் கண்ணை இழுப்பதில்லை. நீர் ஏறும்போது கல்லின் உயரம் மாறுகிறது, வெயில் சாயும்போது நிழல் நீள்கிறது. மாற்றமெல்லாம் கடலும் சூரியனும் செய்வது.

இந்தியாவில் இந்த வழியில் போனவர்களில் ஓவியர் நஸ்ரீன் முகமதியை (1937–1990) நான் முதலில் வைப்பேன். பென்சிலும் மையும் கொண்டு, மூச்சடக்கி இழுத்தது போன்ற நுண்கோடுகள். கடற்கரை மணலையும் அலை விட்டுச்சென்ற தடங்களையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வாழ்ந்த காலத்தில் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கவில்லை. எழுத்தை ஓவியப் பொருளாக எடுத்துக்கொண்டவர் சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், ஜாதகக் கட்டங்களை நினைவூட்டும் அமைப்புக்குள் படிக்க முடியாத எழுத்து வரிகள் நிறைந்திருக்கும். படிக்க முடியாதபோதுதான் எழுத்தின் உருவம் கண்ணில் படுகிறது. அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடுகளைப் பார்க்கும்போதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1970இல் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரிக்குள் பாறையும் மண்ணும் கொட்டி, 1,500 அடி நீளச் சுருளை உருவாக்கினார். ஏரி உயர்ந்தபோது மூழ்கி, வறட்சியில் மீண்டும் தெரிந்த படைப்பு அது. எனக்குப் பிடித்ததுதான். ஆனாலும் மன்னார் வளைகுடாவில் அதைச் செய்யக் கூடாது. 21 தீவுகளும் பவளப்பாறைகளும் உள்ள கடல் இது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்து ஏற்கெனவே போதுமான அளவு காயப்படுத்தியிருக்கிறோம். 1964 புயலில் ஓர் ஊரையே இழந்த தனுஷ்கோடி மணலில் இன்னொரு நினைவுச்சின்னம் எழுப்பவும் வேண்டாம். லாங்கின் கால்களைக் கடன் வாங்குங்கள், ஸ்மித்சனின் லாரிகளை விட்டுவிடுங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க மூழ்கும் பெண்களிடம் போங்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பிரித்துச் சொல்வதைக் கேளுங்கள். எந்தப் பாசி எந்த ஆழத்தில், எந்தக் காற்றில், எந்த மாதத்தில் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். ஒரு தாளுக்கு ஒரு சொல், ஓர் இடம், ஒரு பொழுது. படம் வேண்டாம். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை உங்கள் பெயருக்கு முன்னால் போடுங்கள். அந்தத் தாள்களை முதலில் பாம்பனில் மீன் ஏலம் நடக்கும் கொட்டகையில் ஒட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். சென்னைக் காட்சிக்கூடத்துக்கு அதன் பிறகு அனுப்பலாம்.