அது கோயில் வெளக்கு இல்லடா

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு பின்னாடி வரைக்கும் கேக்குதா? கைய ஆட்டுறாங்க, சரி. மொதல்ல மரியாதைய முடிச்சிடுறேன், கடைசில சொல்லலாம்னு விட்டா மறந்துபோயி அப்புறம் வாட்சாப்ல வாங்கிக் கட்டிக்கணும். வேற மூணு நிகழ்ச்சி இருந்தும் இங்க அரை மணி நேரமாவது உக்காருறேன்னு வந்திருக்கிற மக்கள் பிரதிநிதி, மாண்புமிகு ஒய்பி அவர்களே, இந்த மண்டபத்த வாடகை இல்லாம வாங்கிக் குடுத்த டத்தோ அவர்களே (டத்தோ, ஏர்கோன கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க, முன் வரிசை பாட்டிமாருங்க முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு இருக்காங்க), கோயில் தலைவர் ஐயா, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வந்திருக்கிற தலைமையாசிரியை அம்மா, மகளிர் பகுதி அக்கா. அக்காவ விட்டுட்டா போன வருசம் மாதிரி எனக்கு மட்டும் வடை வராது. அப்புறம் பொன்னாடை போத்துனீங்க, ரொம்ப நன்றி, இது எனக்கு ஏழாவது, வீட்ல ஒரு ஜன்னலுக்கு ஏற்கனவே திரை தச்சாச்சு.

நாலு விசயம் பேசலாம்னு துண்டுல எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு நம்ம பினாங்கு முக்கா ஹெட் லைட்டவுஸ், அதான் கலங்கரை விளக்கம். ரெண்டு ஜெரெஜாக் தீவு. மூணு கடாரம். நாலு, நம்ம பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் எப்படி சொல்லிக் குடுக்கிறதுன்னு. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிசம்.

எங்க தாத்தாவுக்கு ஒரே ஒரு பழமொழிதான் தெரியும். கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதே. பரிச்சைல பெயிலா? கப்பலே கவுந்தாலும். மாடு செத்துப்போச்சா? கப்பலே கவுந்தாலும். கித்தா, அதான் ரப்பர், வெல விழுந்துச்சா, அதுக்கும் அதுதான். சின்ன வயசுல எனக்கு எரிச்சலா வரும், இந்த மனுசனுக்கு வேற பேச்சே தெரியாதான்னு. பெரியவனானதும்தான் தோணுச்சு, உண்மையிலயே கப்பல்ல வந்த ஆளு சொல்ற பழமொழி வேற, நம்ம சோபால சாஞ்சிக்கிட்டு சொல்றது வேற.

சரி, லைட்டவுஸ். பினாங்குல லைட்டவுஸ்னா எல்லாரும் கார்ன்வாலிஸ் கோட்டைல நிக்கிறத நெனைப்பீங்க. 1882ல கட்டுனது, 21 மீட்டர், இரும்புச் சட்டம், தூரத்துலேருந்து பாத்தா பாய்மரக் கம்பம் மாதிரி இருக்கும், கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க நல்ல எடம். அந்தக் கோட்டை இருக்கிற முனைலதான் 1786ல பிரான்சிஸ் லைட் எறங்கி, ஆகஸ்ட் 11ஆந்தேதி கொடி ஏத்துனாரு. காட்ட வெட்ட ஆள் வரலன்னு பீரங்கில வெள்ளிக் காச நெரப்பி காட்டுக்குள்ள சுட்டாராம், பொறுக்குற ஆசைல ஜனங்க வெட்டித் தள்ளிட்டாங்களாம். கதைதான், ஆனா நம்ம சங்கத்துக் கூட்டத்துக்கு ஆள் சேக்க நல்ல யோசனை, டத்தோ மனசு வைக்கணும்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. கோட்டை லைட்டவுஸுக்கு அடுத்த வருசம், 1883ல, தீவோட வடமேற்கு மூலைல ஒண்ணு கட்டுனாங்க, அதான் முக்கா ஹெட். கோபுரம் வெறும் 14 மீட்டர், ஏறக்கொறைய நாலு மாடி ஒசரம். ஆனா நிக்கிறது மலை உச்சி, கடல் மட்டத்துலேருந்து 242 மீட்டர். குள்ளமான தம்பி அண்ணன் தோள்ல ஏறி திருவிழா பாக்குற மாதிரி. 1869ல சூயஸ் கால்வாய் தொறந்ததுலேருந்து நீராவிக் கப்பலுங்க வரத்து கூடிப்போச்சு, மேற்கேருந்து அந்தமான் கடல தாண்டி வர்ற கப்பல் வடக்குப் பக்கமா சுத்தி ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பணும்னா மொதல்ல அடையாளம் பாக்க வேண்டியது அந்த மூலையத்தான். அதனாலதான் அங்க வெளக்கு. கலங்கரை விளக்கம்ங்கற வார்த்தையே சிலப்பதிகாரத்துல இருக்குன்னு தலைமையாசிரியை அம்மா பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்திருப்பாங்க, நான் வேற தனியா சொல்ல வேணாம்.

இப்ப எங்க தாத்தா கதை. தெரிஞ்சவங்க பொறுத்துக்குங்க.

எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறுனாரு. ரஜுலா 1926ல கட்டுன கப்பல், 1970கள் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு போயி வந்துச்சு, இங்க இருக்கிற பாதிப் பேரோட குடும்பத்துல அந்தப் பேர சொன்னா யாராவது ஒருத்தர் பெருமூச்சு விடுவாங்க. தாத்தா ஏறுனப்ப கப்பல் இன்னும் புதுசு, பெயிண்ட் வாசம் அடிச்சுச்சாம், அப்புறம் ரெண்டே நாள்ல வேற வாசம் அடிச்சுச்சாம், அத விடுங்க, சாப்பிடப் போறோம். டெக் பயணி. பாய், ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்குள்ள ரெண்டு வேட்டி, ஒரு பித்தளச் சொம்பு, ஊர்மண்ணு ஒரு முடிச்சு. பாட்டி கூடவே வந்தாங்க, கல்யாணம் ஆகி மூணு மாசம். ஒரு வாரம் வெறும் தண்ணி. கரைன்னு ஒண்ணு இருக்கா இல்லையாங்கற சந்தேகமே வந்துருச்சாம். பக்கத்துல படுத்திருந்த ஒரு ஆளு, ஆள் சேக்குற கங்காணி நம்மள ஏமாத்திட்டான், மலாயான்னு ஊரே கெடையாதுன்னு அழுதாராம்.

கடைசி ராத்திரி தாத்தாவுக்குத் தூக்கம் வரல. கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. கும்மிருட்டு. திடீர்னு ஒசரத்துல, வானத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு வெளிச்சம். வந்துச்சு, போச்சு. மறுபடியும் வந்துச்சு. தாத்தா பாக்குறாரு, மலை உச்சில வெளக்கு. அவருக்குத் தெரிஞ்ச வாழ்க்கைல மலை உச்சில வெளக்குன்னா என்ன? திருவண்ணாமலை தீபம்! ஓங்குன கொரல்ல "அண்ணாமலைக்கு அரோகரா"ன்னு ஒரு சத்தம் போட்டு அப்படியே டெக்குல நெடுஞ்சாண்கெடையா விழுந்துட்டாரு. அவ்வளவுதான். தூங்கிக்கிட்டு இருந்த ஜனம் பூரா எந்திரிச்சிருச்சு. என்ன ஏதுன்னு கேக்காமலே ஒருத்தரப் பாத்து ஒருத்தர் அரோகரா, அரோகரா. பொம்பளைங்க கொலவை போடுறாங்க. மலாயான்னு ஊரே இல்லன்னு அழுதாரே அவரு, இருந்த ஒரே சூடத்த ஏத்திட்டாரு. கப்பல்ல! டெக்குல! நெருப்பு! மேலேருந்து கப்பல்காரன் ஓடி வரான், தண்ணி வாளியோட. நம்ம பக்கத்து ஆளுதான் அவன், மரைக்காயர் வீட்டுப் பையன், சூடத்த மிதிச்சு அணைச்சிட்டு கத்துறான்: "அது கோயில் வெளக்கு இல்லடா, வெள்ளைக்காரன் வெளக்கு, கப்பல் பாறைல முட்டாம இருக்க வச்சிருக்கான், போயிப் படுங்கடா!"

எல்லாரும் படுத்துட்டாங்க. தாத்தா மட்டும் நம்பல. அவரு சாகுற வரைக்கும் நம்பல. முருகனோ சிவனோ, அந்த மலைல யாரோ இருக்காங்க, இல்லன்னா என்னை எதுக்கு கூப்புட்டாங்கன்னு கேப்பாரு. தோட்டத்து லயத்துல இருந்தப்பவும், அப்புறம் பட்டர்வொர்த்துக்கு வந்தப்பவும், கார்த்திகைக்கு வாசல்ல எல்லா அகலையும் வரிசையா வச்சிட்டு ஒண்ண மட்டும் தனியா எடுத்து, முக்கா ஹெட் எந்தத் தெசைன்னு பாத்து, அந்தப் பக்கம் திருப்பி வைப்பாரு. அந்த அகலோட மூக்குல கொஞ்சம் உடஞ்சிருக்கும். எண்ண ஒழுகும். பாட்டி வேற அகல் வைங்களேன்னு சொன்னா கப்பலே கவுந்தாலும்னு ஆரம்பிப்பாரு, பாட்டி உள்ள போயிருவாங்க.

அந்த லைட்டவுஸ பாக்க நான் போனேன். 101 பஸ் புடிச்சு தெலுக் பஹாங், 2003லேருந்து அது தேசியப் பூங்கா, கடலோரமா நடந்தா குரங்குக் கடற்கரை. பேரு சும்மா வைக்கல, என் நாசி லெமாக் பொட்டலத்த ஒரு குரங்கு வாங்கிக்கிட்டுப் போயி எனக்கு முன்னாலயே உக்காந்து பிரிச்சு, சம்பல மோந்து பாத்துட்டு வெள்ளரிக்காய மட்டும் சாப்புட்டுச்சு. அங்கேருந்து ஏத்தம், வேரப் புடிச்சிக்கிட்டு ஏறணும், என் வயசுக்கு அது ஏத்தம் இல்ல, தண்டனை. மேல வெள்ளையடிச்ச கோபுரம். கல்லத் தொட்டேன், வெயில்ல சுட்டுச்சு. நான் ஒண்ணும் அழல, கூட வந்த தம்பி அழுதேன்னு சொல்வான், நம்பாதீங்க.

இப்ப ரெண்டாவது விசயம், இதுக்காகத்தான் வந்தேன்.

வெளக்கப் பாத்தது அங்க. கால் வச்சது எங்க? கப்பலேருந்து நேரா பினாங்குல எறங்க விடல. அம்மை இருக்கா, காலரா இருக்கான்னு பாக்க ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டு போனாங்க. 1860கள் கடைசில தொழுநோயாளிங்களுக்கு விடுதி கட்டுன தீவு, 1875ல குவாரண்டைன் ஸ்டேஷன் வந்துச்சு. வேட்டி, பாய், எல்லாத்தையும் வாங்கி நீராவில போட்டாங்களாம். தாத்தாவோட வேட்டி சுருங்கி வந்துச்சு. பாட்டி சொல்வாங்க, "மலாயா மண்ணுல எறங்குறப்ப ஒங்க தாத்தா கட்டியிருந்தது வேட்டி இல்ல, கர்சீப்பு." பாட்டி சிரிச்சிக்கிட்டேதான் சொல்வாங்க, ஆனா அங்க இருந்த நாள்ல வேற என்ன நடந்துச்சுன்னு கேட்டா எந்திரிச்சி அடுப்பப் பாக்கப் போயிருவாங்க. அந்தச் சொல்லாம விட்ட பேச்ச நான் அப்பவே உக்கார வச்சி கேட்டிருக்கணும். கேக்கல.

பினாங்கு பிரிட்ஜ்ல போறப்ப தெக்க பச்சையா தெரியுதே, அதுதான் ஜெரெஜாக். தெனமும் வேலைக்குப் போறவங்க எத்தன பேரு இங்க இருக்கீங்க, என்னைக்காவது திரும்பிப் பாத்திருக்கீங்களா? 1969லேருந்து 1993 வரைக்கும் அது ஜெயில், அதனால பெரியவங்க அந்தப் பேர எடுத்தாலே வாய மூடுன்னுவாங்க. 2004ல ரிசார்ட் தொறந்தாங்க, அதையும் மூடியாச்சு. இப்ப ஆளாளுக்கு ஒரு திட்டம் சொல்றாங்க.

அந்தத் தீவுல ரெண்டு ரஷ்யக் கப்பல்காரங்களோட கல்லறை இருக்கு. எம்டன்! கேள்விப்பட்டிருப்பீங்க, நம்ம ஊட்ல வாலுப் பையன "எம்டன்டா அவன்"னு திட்டுவோமே, அந்த எம்டன் ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22ல மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சு, அதே கப்பல் அக்டோபர் 28 விடியக்காலைல நம்ம பினாங்கு ஹார்பர்ல நொழஞ்சுது, மூணு பொகைக்கூண்டு இருந்த கப்பலுக்கு நாலாவதா ஒரு போலிக் கூண்டு மாட்டிக்கிட்டு, இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேசம் போட்டுக்கிட்டு. நங்கூரம் போட்டு நின்ன ழெம்சுக்ங்கற ரஷ்யக் கப்பல அடிச்சு முழுகடிச்சுது, எம்பது பேருக்கு மேல செத்தாங்க. கப்பல் நெசமாவே கவுந்துருச்சு. ஆனா அவங்க நாட்டுக்காரங்க கன்னத்துல கை வச்சிக்கிட்டு உக்காரல. இத்தன வருசம் ஆகியும் நம்ம வெஸ்டர்ன் ரோடு கல்லறைல நிக்கிற நினைவுக் கல்லுக்கு தூதரகத்துலேருந்து வந்து மாலை வைக்கிறாங்க. சந்தோசம், வைக்கட்டும். நம்ம ஜனம் ஆயிரம் ஆயிரமா அந்தத் தீவு வழியா வந்துச்சு. 1938ல இந்திய சர்க்காரு ஆளனுப்புறத நிறுத்துற வரைக்கும் வந்துச்சு. நான் படகு புடிச்சு அங்க போனப்ப தமிழ்ல ஒரு எழுத்த என் கண்ணு பாக்கல. லைட்டவுஸுக்கு பெயிண்ட் அடிக்கிறோம், வெளிச்சத்தப் பாத்து வந்தவனுக்கு ஒரு பலக இல்ல.

ஒய்பி, நான் கேக்குறது மணிமண்டபம் இல்ல. சிலை வேணாம். திறப்பு விழா கூட வேணாம், அத வச்சா மறுபடியும் பொன்னாடை. ஜெட்டி பக்கத்துல ஒரு பலக, மலாய்ல எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதுங்க, கீழ தமிழ்ல ரெண்டு வரி. நம்மாளுங்க இங்கதான் எறங்குனாங்கன்னு. போன வருசம் ஒரு ஆபீசுக்கு இதுக்காக கடிதம் குடுத்தேன், எந்த ஆபீசுன்னு சொல்ல மாட்டேன், மேசைல இருந்தவரு படிச்சிட்டு, "ஐயா, ஆதாரம் வேணுமே, யார் யார் எறங்குனாங்கன்னு பேப்பர் இருக்கா"ன்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. வெளிய வந்து ஒரு தே தாரிக் குடிச்சப்புறம் யோசிச்சேன், அவரு கேட்டதுல தப்பு என்ன இருக்கு? பேப்பர் இருக்கு. நம்ம வீட்ல இருக்கு. பரண் மேல, இரும்புப் பெட்டில, செவப்பு ஐசிக்கு, அதான் அந்தக் காலத்து அடையாள அட்டைக்கு அடில, எலி கடிச்ச பாஸ்போர்ட்டு, கப்பல் டிக்கட்டு, கங்காணி எழுதிக் குடுத்த துண்டு. தாத்தா பாட்டி செத்ததும் பதினாறாம் நாள் முடிஞ்ச கையோட குப்பைல போடுறமே, அதுதான் ஆதாரம். எங்க வீட்லயும் போட்டோம். அந்தப் பித்தளச் சொம்பு மட்டும் இருக்கு, இன்னிக்கு அதுல ஊதுபத்தி நிக்குது.

துண்டு வந்துருச்சு, தலைவர் நேரத்தப் பாக்கச் சொல்றாரு. மூணாவது கடாரம். ஒய்பி மன்னிக்கணும், ராஜேந்திர சோழன், பூஜாங் பள்ளத்தாக்கு, இங்கேருந்தே தெரியுற ஜெராய் மலை, அதத் தொட்டா விடிஞ்சிரும், அடுத்த வருசம் பாத்துக்கலாம். நாலாவதும் அதே கதிதான், அம்மா கோவிக்காதீங்க.

வாசல்ல ஒரு மேச போட்டிருக்கு. எங்க அண்ணன் மக அங்க போனோட உக்காந்திருக்கு. வீட்ல பழைய பேப்பர் இருக்கிறவங்க குடுக்க வேணாம், போட்டோ மட்டும் எடுத்துக்குவோம், அங்கயே திருப்பித் தந்துருவோம். பேப்பர் இல்லாதவங்க பேர எழுதி வைங்க, கப்பல் பேரு, எந்த ஊர்லேருந்து, எந்தத் தோட்டம், அது போதும். கப்பல்ல வந்தவங்க இன்னும் உங்க வீட்ல இருந்தா, நடக்க முடியலன்னா பரவால்ல, நாங்க வீட்டுக்கு வரோம், ஒரு மணி நேரம் பேச விட்டா போதும், காப்பி கூட வேணாம். முன் வரிசைல மூணாவதா உக்காந்திருக்கிற பாட்டி, நீல சேலை, நான் ரஜுலான்னு சொன்னப்ப தலையாட்டுனீங்க. பாட்டி, வடை வாங்க எந்திரிக்காதீங்க, அங்கேயே இருங்க, நான் கொண்டு வரேன்.