முச்சந்தியில் ஒரு பெயர்க்கல்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எனக்கு. எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு கல் வைக்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டு வானொலி நிலையத்தார் பேசக் கூப்பிட்டார்கள். கல் இன்னும் நடவில்லை, அதைப் பற்றிய பேச்சு மட்டும் ஆறு மாதமாக ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

செட்டிநாடு என்றதும் எல்லாருக்கும் பெரிய வீடும் பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும்தான் கண்ணுக்கு வரும். அவை கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பண்ண, போனவர்கள் கட்டியவை. அதே கடலைத் தாண்டி இதே ஊர்களிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் கட்டவில்லை, பல பேர் திரும்பவும் இல்லை. என் அப்பத்தாவின் தம்பி மலாயாவில் பால்மரம் வெட்டப் போனவர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அப்புறம் கடுதாசி இல்லை. போர் முடிந்து கூட இருந்த ஒருவர் திரும்பி வந்து, 'பர்மாப் பக்கம் போகும்போது பார்த்தேன்' என்று சொன்னதுதான் கடைசித் தகவல். அவர் மனைவி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. செத்த தேதி தெரியாதவருக்கு எந்தத் திதியைப் பார்ப்பது? ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள், அதுவும் அந்த அம்மா காதுக்குப் போகாமல்.

எதிர்வீட்டுக்காரர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது இறந்துபோனார். அவருக்குக் கல்லறை இல்லை, பெயர் இருக்கிறது. கிராஞ்சி போர் மயானத்தில் 24,000 பேருக்கு மேல் பெயர் வெட்டிய நினைவுச்சின்னத்தில் ஒரு வரியாக இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். அவருடைய மகளுக்கு எண்பது தாண்டிவிட்டது, அப்பா முகமே ஞாபகம் இல்லை. அந்த அம்மா போன் திரையில் அந்த ஒரு வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அந்த விரல்தான் காரணம்.

இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்களுக்கும் அதே சிங்கப்பூரில் ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜியே அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று மூன்று சொற்களை உருதுவில் எழுதியிருந்தார்கள். சில வாரங்களில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்து அதை இடித்துப் போட்டது. 1995-இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். எங்கள் தெருவில் எதிரெதிர் வீடு, ஒருவர் பெயர் கல்லில் இருக்கிறது, இன்னொருவருக்காக எழுப்பிய கல்லையே உடைத்துவிட்டார்கள்.

முதல் உலகப்போர் முடிந்தபோது வெள்ளைக்கார அரசு இந்தியக் கிராமங்கள் பலவற்றில் கல்வெட்டு பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. கிராஞ்சி மயானத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியது. அதிகாரியோ சிப்பாயோ எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல், ஆளுக்கொரு பெயர் என்பது அவர்கள் வைத்த கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இறந்த இந்திய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் ஏராளமான பேரைப் பெயர் இல்லாமலே விட்டுவிட்டோம் என்று அதே ஆணையம் 2021-இல் அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்துத் தேடினால் பெயர் எங்கே கிடைக்கும்? அதனால்தான் இப்போதே எழுதிவிடுவோம் என்கிறேன்.

ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் அவன் செய்த காரியமும் பொறித்து, பூச் சூட்டிக் கும்பிட்டவர்கள் நாம். நமக்கு இது புதுசு இல்லை.

சரி, ஊரில் என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறேன். இந்திய தேசிய ராணுவத்தாரையும் பிரிட்டிஷ் பட்டாளத்தாரையும் ஒரே கல்லில் போடலாமா என்று முதலில் கேட்டார்கள். போடலாம், இரண்டு பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள் என்று எதிர்வீட்டுக்காரரின் மகளான அந்த அம்மாவே சொன்ன பிறகு யாரும் பேசவில்லை. சண்டையில் சாகாமல் ஊருக்கு வந்து கட்டிலில் செத்தவர்கள் பெயர் எதற்கு என்று ஒரு கேள்வி. 1971 பாகிஸ்தான் போரில் காலை இழந்து வந்து முப்பது வருஷம் ஊன்றுகோலோடு நடந்தவரை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவரை எப்படி விடுவது? இலங்கைக்கு அமைதிப்படையில் போய் வந்தவர் ஒருவர், சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் பெயரைப் போட அவர் மனைவிக்குத் தயக்கம். அந்த அம்மா சரி என்று சொல்லும்வரை அந்த வரி காலியாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். கல்லுக்குப் பணம் கொடுப்பவர்கள் 'உபயம்' போடச் சொன்னார்கள். அதற்கு மட்டும் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பெரிய சண்டை இடத்தில் வந்தது. சுடுகாடு என்று நான் ஒருமையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஊரில் மூன்று இருக்கிறது. ஊர்ச் சுடுகாடு ஒன்று, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆதிதிராவிட மக்களுடையது ஒன்று, வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கல்லறை ஒன்று. பட்டாளத்துக்கு மூன்று தெருவிலிருந்தும் போயிருக்கிறார்கள். ஒரே லாரியில் உட்கார்ந்து போனவர்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஊர்ச் சுடுகாட்டில்தான் கல் என்று சிலர் அடித்துப் பேசியபோது எனக்கு நெஞ்சு வலித்தது, கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். வழி சொன்னவர் எங்கள் ஊர் வெட்டியான். மூன்று சுடுகாட்டுக்கும் பாதை பிரிகிற இடத்தில், ஆலமரத்தடியில், பாடையை இறக்கித் திருப்பி வைப்போமே, அங்கே நடுங்கள் என்றார். எந்தத் தெருப் பிணமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேதான் நடப்போகிறோம். கருங்கல், எழுத்தைப் பெயிண்டில் எழுதாமல் ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறோம், பெயர்கள் அகர வரிசையில் வரும்.

இதுவரை 31 பெயர் சேர்ந்திருக்கிறது. நாலு பேருக்கு 'பட்டாளத்தார் வீடு' என்ற வீட்டுப் பெயர்தான் கிடைத்திருக்கிறது, ஆள் பெயர் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருடைய தாத்தாவாவது பட்டாளத்தில் இருந்திருந்தால், பரணில் பழைய இரும்புப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். தூசியைத் தட்டும்போது ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும். முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.