மொட்டை மாடியில் தேன் பெட்டி வைக்கலாமா? வியாசர்பாடியிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. வியாசர்பாடியிலிருந்து ஓர் அக்கா அனுப்பியிருக்கிறார். மாதவரம் தாவரவியல் பூங்காவில் தேனீக்களைப் பார்த்தபடி நாம் கூட்டமாக நடந்து போகிற தேனீ நடையின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். மூன்றாவது மாடியில் வீடு, மேலே மொட்டை மாடியில் 15 தொட்டி, கத்தரி நன்றாகப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்காமல் பூ உதிர்கிறது. ஒரு தேன் பெட்டி வாங்கி வைத்தால் சரியாகுமா, வீட்டில் 6 வயதுப் பையன் இருக்கிறான், கொட்டிவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

அக்கா, பெட்டி வேண்டாம். உங்கள் கத்தரிக்கே அதனால் பெரிதாக உதவி கிடைக்காது. ஒரு கத்தரிப் பூவைத் திருப்பி நடுவில் பாருங்கள், மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே, அவைதான் மகரந்தப் பைகள். முருங்கைப் பூ, சூரியகாந்தியில் எல்லாம் மகரந்தம் வெளியே தூளாக ஒட்டியிருக்கும், வருகிற தேனீ அள்ளிக்கொண்டு போய்விடும். கத்தரியில் பவுடர் டப்பா மாதிரி நுனியில் சின்ன ஓட்டைதான், குலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும், கருவண்டு என்கிறோமே அந்தப் பெரிய கறுப்புத் தேனீக்கும் தெரியும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமலேயே, பறக்கிற தசையை மட்டும் அதிரவைக்கும், மகரந்தம் அதன் வயிற்றின்மேல் பொலபொலவென்று விழும். நடையில் கத்தரிச் செடி வந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்வேன். ர்ர்ர் என்று ஒரு நொடி, அப்புறம் அமைதி, மறுபடி ர்ர்ர். பறக்கும்போது வருகிற ரீங்காரத்தைவிட அது கூர்மையாக இருக்கும், ஒரு தடவை கேட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். தக்காளிக்கும் ஆவாரம்பூவுக்கும் இதே கதைதான்.

பூ உதிர வேறு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கத்தரியில் நடுத்தண்டு குட்டையாக இருக்கிற பூ எப்படியும் காய்க்காது, உதிர்ந்துவிடும். சித்திரை வெயிலிலும் உதிரும். நடுத்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற பூவும் உதிர்கிறது என்றால்தான் தேனீ வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதுவரைக்கும் காலையில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், கொஞ்சம் காய் நிற்கும்.

உலகத்தில் 20,000 வகைக்கு மேல் தேனீ இருக்கிறது. பெட்டியில் வளர்ப்பது அதில் ஒன்றிரண்டைத்தான். மீதியில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, ஒரு தாய்த் தேனீ தனியாகவே ஒரு பொந்தைப் பிடித்து முட்டை வைக்கும். நம் தெருவிலேயே இருக்கின்றன, ஆனால் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறோம். எல்லாத் தரைக்கும் சிமெண்ட் போட்டுவிட்டோம், காய்ந்த குச்சியை ஒடித்துப் போடுகிறோம், துளசி பூ வைத்தால் உடனே கிள்ளிவிடுகிறோம்.

போன நடையில் கொளத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா ரோஜா இலை ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இலை ஓரத்தில் வளையல் துண்டு மாதிரி சுத்தமாக வட்டம் வட்டமாக வெட்டு. புழு என்று நினைத்து இரண்டு வாரமாக மருந்து அடித்துக்கொண்டிருந்தாராம். எனக்கு வயிறே கலங்கிவிட்டது. அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையில் உட்கார்ந்து சில நொடியில் வெட்டி, சுருட்டிக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு பறந்துவிடும், ஒரு பொந்துக்குள் அந்த இலையாலேயே சின்னக் குடுவை செய்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரே ஒரு முட்டை இட்டு, இன்னோர் இலைத் துண்டால் மூடும். செடிக்கு ஒன்றும் ஆகாது. அந்த மாதிரி இலை உங்கள் மாடியில் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

அதற்கு வீடு வேண்டுமென்றால் மூங்கில் போதும். பென்சில் கனம் ஓட்டையுள்ள குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டுங்கள், ஒரு பக்கம் கணு அடைத்திருக்கட்டும். பத்துப் பன்னிரண்டைக் கட்டி, மழை படாத இடத்தில் காலை வெயில் பார்க்கிற மாதிரி ஆடாமல் கட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு பெரிய தொட்டியில் செடி வைக்காமல் வெறும் மண்ணை, கொஞ்சம் களியும் மணலும் கலந்து அழுத்தி, கொத்தாமல் விட்டுவிடுங்கள், மண்ணில் பொந்து போடுகிற தேனீக்கு அது. நீலப்பட்டையும் மண்ணில் கூடு கட்டுவதுதான். மூன்றாவது மாடிக்கு வருமா என்று உறுதி சொல்ல மாட்டேன், கீழே ஒரு முழம் மண் தரை கிடைத்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் வைக்கிறவர்கள் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், கல் மேலே தெரியட்டும். கால் ஊன்ற இடம் இல்லாவிட்டால் முழுகிச் செத்துவிடும், ஜூஸ் கடைக் குப்பையில் பேப்பர் கப்பின் அடிச் சர்க்கரைத் தண்ணீரில் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

செடி என்றால் துளசியைப் பூக்க விடுங்கள், கொத்தமல்லியில் நாலைப் பறிக்காமல் விடுங்கள், தும்பை தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, தேனீக்கு ஒற்றைச் செம்பருத்திதான். கறிவேப்பிலையில் புழு இருந்தால் அது கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியாகப் போகிறது, இரண்டு கொத்தை அதற்கு விட்டுவிடுங்கள். பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம்.

இனி பையன் விஷயம். தனியாக வாழ்கிற தேனீக்குக் காக்க வேண்டிய கூட்டம் கிடையாது, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது, ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. மலைத்தேனீ அப்படியல்ல, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ பெரிய மரத்திலோ அதன் அடையைப் பார்த்தால் விலகி இருக்கச் சொல்லிக் கொடுங்கள். அவனையும் நடைக்குக் கூட்டி வாருங்கள், விடிகாலையில் வேண்டாம், வெயில் பூ மேல் விழுகிற ஏழரைக்கு வந்தால் போதும். நாம் போகிற வழியில் ஒரு பழைய சுவர் விரிசலில் கொசுத்தேனீ இருக்கிறது, கொடுக்கு வேலை செய்யாத வகை, விரிசலிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாயில் நாலைந்து காவல் நிற்கும். மூக்கு படுகிற தூரத்தில் நின்று அவன் பார்க்கலாம்.