இதுவும் பெட்டைதான், அண்ணே!

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் செங்கோட்டை மக்களுக்கும் வணக்கம். சாரல் விழ ஆரம்பிச்சிருச்சு. பொன்னாடை போர்த்தினதா வச்சுக்கிட்டு நேரா வாரேன்.

எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாக்கியால் வாழ்வு தருவது தொழில்முறை லீக்கா, அரசு வேலையா? நான் லீக் பக்கம், அதாவது அணிகள் ஏலத்துல காசு குடுத்து ஆட்டக்காரரை எடுத்து ஆடுற போட்டி பக்கம். எனக்கு முன்னால பேசின பேங்க் அண்ணாச்சி அரசு வேலை பக்கம். பென்ஷன் வாங்குற மனுஷன் வேற எந்தப் பக்கம் பேசுவாரு!

அண்ணாச்சி ஒரு போடு போட்டாரு, நீங்களும் விசில் அடிச்சீங்க. “லீக்குன்னா ஏலம். புளியரை செக்போஸ்ட்ல லாரிக்குள்ள மாடு நிக்கிற மாதிரி நம்ம பிள்ளைகளை நிறுத்தி விலை பேசணுமா?”ன்னு கேட்டாரு. சரி அண்ணாச்சி, மாட்டுக்கே வருவோம்.

இந்த மலைக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலம். விவசாயி மகன், கோல்கீப்பரா நிக்கான். பந்து அடிபடாம காலுல கட்டுற பேடு வாங்கக் காசில்ல. அப்பா என்ன செஞ்சாரு? வீட்டுல நின்ன மாட்டை வித்தாரு. அந்தப் பையன்தான் பி.ஆர். ஸ்ரீஜேஷ். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒரு வெண்கலம், 2024-ல் பாரிஸில் இன்னொண்ணு. அண்ணாச்சி, மாடு வித்தாச்சு! ஏலம் போட்டு இல்ல, ஏலம் போட ஒரு லீக் இல்லாத காலத்துலேயே வித்தாச்சு!

மாடு போதும், ஆட்டுக்கு வாரேன். ஜார்க்கண்ட்ல சிம்டேகா, ஒடிசாவுல சுந்தர்கர், ரெண்டும் பழங்குடி மக்கள் வாழுற மாவட்டம். அங்க கிராமத்துப் போட்டியில கிடாதான் கோப்பை. ஜெயிச்சா கிடாயை ஓட்டிட்டுப் போகலாம். இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆன சலிமா டேட்டே அந்தச் சிம்டேகாக்காரிதான்.

எனக்கும் ஒரு ஆடு கிடைச்சுது. நான் அரசுப் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். பக்கத்து ஊர்க் கொடைக்கு ஹாக்கிப் போட்டி வச்சாங்க. எங்க பிள்ளைக ஜெயிச்சுட்டாளுக. மேடையில கப்பு இல்ல, ஒரு வெள்ளாடு நிக்கி. மாலை போட்டிருந்தாங்க, எங்களுக்கு இல்ல, ஆட்டுக்கு.

ஊருக்குத் திரும்பணும். டவுன் பஸ்ல ஏறிட்டோம். பொம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் இலவசமாச்சே! கண்டக்டர் வந்தாரு. “ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுங்க”ன்னாரு. எங்க கோல்கீப்பர் எழுந்திருச்சா. “அண்ணே, இதுவும் பெட்டைதான்ணே. மகளிர் கணக்குல விடுங்கண்ணே!”

கண்டக்டர் ஆட்டைப் பாத்தாரு. ஆடு கண்டக்டரைப் பாத்துது. “ஆதார் இருக்கா?”ன்னு கேட்டாரு!

பின்னாடி சரியா கேக்கலையாம், இன்னொரு தடவை சொல்லுதேன். ஆட்டுக்கு ஆதார் இருக்கான்னு கேட்டாரு! இவ விடுவாளா? “மூணாவது கோல் அடிச்சதே இதுக்காகத்தான்ணே, இதை இறக்கினா நாங்களும் இறங்கிருவோம்.” டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டுச் சிரிக்காரு. கடைசியில லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுத்தான் விட்டாரு. சட்டம் சட்டம்தான், அண்ணாச்சி மாதிரியே.

கதை முடியல. எங்க மைதானத்துல புல்லு வெட்ட ஆள் கிடையாது. அந்தக் கோடை முழுக்க ஆடுதான் கிரவுண்ட்ஸ்மேன்! பேங்க் வேலை கேக்காத, பென்ஷன் கேக்காத ஒரே ஸ்டாஃப்! அப்புறம் அதை வித்தோம். எதுக்கு? கோல்கீப்பருக்குப் பேடு வாங்க. மலைக்கு அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் ஆடு. சந்தைக்குப் போறதை நாங்களா ஆரம்பிச்சோம்?

அண்ணாச்சி இன்னொண்ணும் சொன்னாரு, லீக் நின்னு நின்னு போகுதுன்னு. உண்மைதான். 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்துது, 2008-ஓட முடிஞ்சுது. ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் வந்துது, 2017-ஓட நின்னுது, 2024 கடைசியில மறுபடி வந்துது. குற்றாலத்துலயும்தான் தண்ணி நிக்கி. அருவியை வித்துட்டாப் போயிட்டோம்?

2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கும் லீக் நடந்துது. இந்திய அணி வீராங்கனை உதிதா துஹானை ஏலத்துல 32 லட்சத்துக்கு எடுத்தாங்க. ஆனா மொத்தமே நாலு அணி, அதுல தமிழ்நாட்டுப் பேரு இல்ல. நான் கேக்கிறது அந்த நாலு அணிக்குக் கீழே ஒரு லீக். தென்காசிக்கு ஒரு அணி, சிம்டேகாவுக்கு ஒரு அணி, மாசச் சம்பளம், அடிபட்டா வைத்தியம். விளையாட்டுக் கோட்டாவுல அரசு வேலை வாங்க சர்டிபிகேட் வேணும், சர்டிபிகேட்டுக்குப் பெரிய மேட்ச் ஆடியிருக்கணும். அந்த மேட்சை யாரு வைப்பா? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்லயே ஹாக்கி செயற்கைப் புல்லுக்குப் போயாச்சு. எங்க பிள்ளைக இன்னும் ஆடு மேய்ஞ்ச தரையில நிக்காளுக.

அந்தக் கோல்கீப்பர் பிள்ளை பிளஸ் டூ முடிச்சுட்டா. இப்ப அம்மா பக்கத்துல உக்காந்து பீடி சுத்துதா. பந்தைத் தடுத்த அந்தக் கை இப்ப இலை வெட்டுது. போன வாரம் அவ வீட்டுக்குப் போயி, “மாவட்ட ஹாக்கி அணிக்குத் தேர்வு வருது, அனுப்பி வைங்கம்மா”ன்னேன். அந்த அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. பேடைத் துடைச்சு உத்தரத்துல தொங்கவிட்டிருக்காங்க, எலி கடிச்சிரக் கூடாதுன்னு. தட்டைக் கீழே வச்சுட்டு என்னைப் பாத்தாங்க. “டீச்சர், எங்களுக்கு வாராவாரம் கூலி உண்டு. விளையாண்டா எந்தக் கிழமை போடுவாங்க?”

நடுவர் ஐயா மணி மேல கை வச்சுட்டாரு. ஐயா, தீர்ப்பு எந்தப் பக்கமும் சொல்லுங்க, ஆனா அந்த அம்மாவுக்குக் கிழமையைச் சொல்லிட்டுச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.