யோனாவுக்கு நிழல் தந்தது சுரையா, ஆமணக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

வேதாகமத்தில் வரும் யோனா தீர்க்கதரிசி என்றதும் எல்லாருக்கும் அவரை விழுங்கிய மீன்தான் நினைவுக்கு வரும். ஞாயிறு பள்ளியில் நாங்களும் மீனைத்தான் வரைந்தோம். இன்று நான் பேச வந்தது, அந்தக் கதையின் கடைசி அதிகாரத்தில் முளைக்கும் ஒரு செடியைப் பற்றி.

யோனா எச்சரித்த நினிவே நகரத்து மக்கள் மனம் திரும்பிவிட்டார்கள். கடவுளும் நகரத்தை அழிக்கவில்லை. அந்தக் கோபத்தில் யோனா ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்கு நிழலாக ஒரே இரவில் ஒரு செடி வளர்கிறது. அடுத்த நாள் புழு அரித்து வாடிப்போகிறது. எபிரேய மூலத்தில் அதன் பெயர் கீகாயோன். நம் தமிழ் வேதாகமத்தில் ஆமணக்குச் செடி.

இந்தச் செடிக்காக ஒரு தேவாலயத்தில் ரகளையே நடந்திருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைச் சுரை என்றது. லத்தீனும் அதையே பின்பற்றியது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில், சுரைக்காய் தொங்கும் பந்தலின் கீழ் யோனா படுத்திருக்கும் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப் பார்த்துப் பழகிய மக்களிடம், புனித ஜெரோம் எபிரேயத்திலிருந்து நேராகச் செய்த புதிய லத்தீன் மொழிபெயர்ப்பு வந்து சேர்கிறது. அதில் சுரையைக் காணோம். ஐவி என்ற படர்கொடி இருக்கிறது. ஓயா என்ற ஊரில், அதாவது இன்றைய லிபியாவின் திரிப்போலியில், ஆயர் அதை வாசித்ததும் ஒரே கூச்சல். குறிப்பாகக் கிரேக்கர்கள் விடவில்லை. வேறு வழியின்றி ஆயர் உள்ளூர் யூதர்களிடம் போய்க் கேட்டார். எபிரேய ஏட்டிலும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளதுதான் இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். 403-ல் புனித அகுஸ்தீன் இதையெல்லாம் ஜெரோமுக்குக் கடிதமாக எழுதினார்.

ஜெரோமின் பதிலில் சூடு பறந்தது. அந்த யூதர்களுக்கு எபிரேயம் தெரியாது, இல்லையென்றால் சுரைக்காய்க் கட்சிக்காரர்களைக் கேலி செய்யவே அப்படிச் சொன்னார்கள் என்றார்! ஆனால் செடியை அவர் வர்ணித்ததைக் கேளுங்கள்: திராட்சை இலை போல அகன்ற இலை; கொம்பு நட வேண்டாம், தன் தண்டிலேயே நிற்கும்; மணல் பூமியில் மளமளவென்று வளரும்; இதற்கு லத்தீனில் பெயரில்லை. வரப்போரத்தில் ஆமணக்கைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது விடுகதையே இல்லை.

சரி, யூதர்கள் என்ன சொன்னார்கள்? யூதர்களின் ஓய்வுநாள் விளக்குக்கு எந்தெந்த எண்ணெய் ஆகாது என்று, அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஒன்று 'கீக்' எண்ணெய். அது என்ன எண்ணெய் என்று, மிஷ்னாவை விவாதிக்கும் தால்மூத் நூலின் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யோனாவின் கீகாயோன்தான் என்கிறார் ஒருவர். அப்போது ரப்பா பார் பார் ஹனா என்பவர், நான் பார்த்திருக்கிறேன் என்று குறுக்கிடுகிறார். வாய்க்கால் ஓரத்தில் வளரும், கடை வாசலில் நிழலுக்கு வைப்பார்கள், விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள் என்கிறார். அங்கே ஓய்வுநாள் விளக்குக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட எண்ணெய்க்குத் தமிழில் பெயரே விளக்கெண்ணெய்!

ஜெரோமுக்கு எபிரேயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். பெத்லகேமில் பார் அனினா என்ற யூத ஆசிரியர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். தன் சொந்த மக்களுக்குப் பயந்து இரவில்தான் வருவார். இயேசுவை இரவில் வந்து பார்த்த நிக்கொதேமுவைப் போல, இன்னொரு நிக்கொதேமு என்று ஜெரோமே எழுதியிருக்கிறார். இந்தப் பக்கமும் நிலைமை அப்படித்தான்: ஜெரோமின் பழைய நண்பர் ரூஃபினுஸ், அந்த ஆசிரியரின் பெயரை, இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான குற்றவாளி பரபாஸின் பெயராகத் திரித்துக் கேலி செய்தார். யூதரிடம் பாடம் கேட்ட ஜெரோமும் யூதர்களைப் பற்றிக் கடுமையாக எழுதியவர்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிற்காலத்தில் யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான பேச்சு வெளிச்சத்துக்கு வந்தது, ஆனால் வழக்கு மன்றம் போல. 1263-ல் ஸ்பெயினின் பார்சலோனாவில் அரசர் முன்னிலையில் யூத மத குருவான ரபி நாக்மானிதேஸை நிறுத்தி, வாக்களிக்கப்பட்ட மீட்பரான மேசியா வந்தாயிற்றா இல்லையா என்று வாதாட வைத்தார்கள். மனதில் பட்டதைப் பேச அரசர் அனுமதி தந்திருந்தார். ஆனாலும் பேசியதை எழுதி வைத்ததற்காக அவர் மீது வழக்கு வந்தது. கடைசியில் நாட்டை விட்டே போனார். என்ன பதில் சொன்னாலும் ஆபத்து என்றிருக்கும் இடத்தில் நட்பாகப் பேசுவது எப்படி? கத்தோலிக்கத் திருச்சபை யூதர்களோடு உரையாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டிலேயே எழுதியது 1965-ல்தான். அதற்குள் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஆகவே, இன்று ஒரு யூத நண்பரோடு வேதம் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தால், பார்சலோனா கேள்வியை முதலில் எடுக்காதீர்கள் என்பேன். செடியைப் பற்றிக் கேளுங்கள். யோனா இரண்டாம் அதிகாரம் முதல் வசனம் என்று அவர் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். அவர் ஏட்டில் அது மீன் விழுங்கும் வசனம், நம்முடையதில் அது 1:17. இந்தக் குழப்பத்தில் இருவரும் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அவர் சொல்வார்: யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில், நாள் முழுக்க உபவாசம் இருந்து களைத்திருக்கும் பிற்பகலில், ஜெப ஆலயத்தில் யோனா நூல் முழுவதையும் வாசிப்பார்கள். அவர்களுக்கு அது மனந்திரும்புதலின் புத்தகம். நமக்கோ யோனா என்றால் மீன் வயிற்றில் மூன்று நாள், மூன்று இரவு; அதை இயேசு தம்மோடு ஒப்பிடும் மத்தேயு 12:40. நானும் பல வருடம் அந்த வசனத்தோடு நிறுத்திக்கொண்டவன்தான். அடுத்த வசனத்திலேயே இயேசு, நினிவே மக்கள் மனந்திரும்பினார்கள் என்கிறார். ஜெப ஆலய வாசிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் அந்த 41-ஆம் வசனம் என் கண்ணில் பட்டது.

யோனா நூல் கேள்வியோடு முடிகிறது: வலக்கை இடக்கை தெரியாத 1,20,000 பேரும் இத்தனை மிருகங்களும் இருக்கும் நகரத்துக்காக நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். யோனா என்ன சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஜெப ஆலயத்தில் அதோடு ஏட்டை மூடுவதில்லை. மீகா தீர்க்கதரிசி நூலின் கடைசி மூன்று வசனங்களையும் சேர்த்து வாசிக்கிறார்கள். பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிடுவார் என்று அதில் வருகிறது. யோனாவைத் தூக்கிப் போட்டதும் கடலில்தானே.

நன்றி, வணக்கம்.