பரலோகக் குடியுரிமையும் பஞ்சாயத்துத் தேர்தலும்

கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "ஐயா, நான் கொழுந்து எடுக்கிறவள். கேரளத்தின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயிலும் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஒரு கட்சியில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். சபையில் சிலர், 'நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது, அரசியல் ஒரு சாக்கடை, விசுவாசி ஜெபித்தால் போதும்' என்கிறார்கள். நான் நிற்கலாமா?"

சரி. சகோதரி, நீங்கள் நிற்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்களுக்கு எடுத்துக் காட்டிய அந்த வசனம் பிலிப்பியர் 3:20. குடியிருப்பு என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது குடியுரிமையைச் சொல்கிற சொல். அந்த நிருபம் யாருக்கு எழுதினது? பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு. அதை எழுதின பவுலுக்கு அதே பிலிப்பியில் முன்பு ஒருமுறை என்ன நடந்தது? அப்போஸ்தலர் 16-ஐ எடுத்துப் பாருங்கள். விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். காலையில் அதிகாரிகள், சத்தமில்லாமல் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமர், எங்களை வெளியரங்கமாய் அடித்தீர்கள், நீங்களே வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர்கள் பயந்துபோய் வந்து கேட்டுக்கொண்டார்கள். தனக்குக் கௌரவம் வேண்டும் என்று அவர் இதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அங்கே விசுவாசத்துக்கு வந்த லீதியாளும் சிறைச்சாலைக்காரன் குடும்பமும் அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்? நாளைக்கு அவர்கள் மேல் யாரும் சுலபமாகக் கை வைக்கக் கூடாது. ஆக, பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதின அதே மனிதர், அதே ஊரில், தன் ரோமக் குடியுரிமையைப் பிறருக்காகப் பயன்படுத்தினவர். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிட அந்த வசனத்தில் இடமில்லை.

ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லி வேதமே சொல்கிறது. ஆனால் இந்த மலையில் இருக்கிற நமக்கு ஜெபத்தோடு நின்றுவிட முடியாது என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். நாலு பேருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கரண்டு இல்லை, போன் எடுக்கவில்லை. விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அந்த வாரம் எனக்குப் பிரசங்கம் பண்ண வாய் வரவில்லை. டவர், ரோடு, பாலம், பாதுகாப்பான வீடு இதெல்லாம் உலகக் காரியம் என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

2015 செப்டம்பரையும் மறக்க வேண்டாம். எஸ்டேட்டில் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, யூனியன் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் கொழுந்தெடுக்கிற நம் தமிழ்ப் பெண்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயரே வந்தது. அந்த வருஷமே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் ஜெயித்தும் காட்டினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை நம்மோடு பாட்டுப் பாடுகிறவர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இதில்தான் எனக்குப் பயம். நிற்பது நீங்கள், சபை நிற்கவில்லை. இயேசுவின் பெயரைச் சொல்லி ஒரு ஓட்டும் கேட்காதீர்கள். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தேர்தல் சட்டப்படியே முறைகேடு. வேட்பாளருடைய மதமோ, ஓட்டுப் போடுகிறவருடைய மதமோ, எதைச் சொல்லிக் கேட்டாலும் தப்புத்தான் என்று 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆலயத்தையோ அதன் ஹாலையோ கட்சி வேலைக்குக் கொடுப்பதையும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். உங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாரியம்மன் கோயில்காரக் குடும்பத்துக்கும் நீங்கள்தான் மெம்பர். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் உங்கள் கதவைத் தட்டத் தயங்கக் கூடாது.

இன்னொன்று, ரொம்பப் பேர் யோசிக்காதது. கேரளத்தில் உள்ளாட்சிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் உண்டு, 1999-இல் வந்தது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி விப், அதாவது கட்டாய உத்தரவு கொடுத்து, நீங்கள் மாற்றி ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஆறு வருஷம் தேர்தலில் நிற்கவும் முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்வு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் மாதிரி நேரங்களில் இது வரும். அதனால் இப்போதே, பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே, அந்தக் கட்சிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "என் மனசாட்சிக்கு விரோதமாக ஒரு டெண்டரை மறைக்கச் சொன்னால், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால், நான் செய்ய மாட்டேன். சம்மதமா?" என்று நேராகக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் சுயேச்சையாக நிற்பதைப் பற்றி யோசிக்கலாம். சாமுவேல் வயதான காலத்தில் ஜனங்கள் முன்னால் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டாரே, 1 சாமுவேல் 12-இல். அதை வாசித்துவிட்டு அவர்களிடம் பேசப் போங்கள்.

சபையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சகோதரி நின்றால், எதிர்க் கட்சியில் நம் சபைப் பெண் இன்னொருத்தியும் நிற்கக்கூடும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருடைய பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று பாஸ்டரிடம் கேட்டு வராதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். ஜெயித்த பிறகு கிராமசபை கூடும்போது மட்டும் வீட்டில் இருந்துவிடாமல் போய் உட்காருங்கள். அங்கே ஆள் குறைந்தால் அந்தச் சகோதரி என்ன கேட்டும் எடுபடாது.

சகோதரி, கட்சிக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.